பாவ்லக் தூங்கவில்லை

ஆல்டர்விக் வரலாற்றுச் சங்கத்தின் வாசற்படியை லார்னா டெஸ்கி முதன்முதலாக மிதித்தது வரலாற்றைத் தேடி அல்ல, ஒழுகுகிற குழாயைத் தேடித்தான். ஜனவரி மாதம். விஸ்கான்சினில் மூச்சு விட்டால் அது மீசையில் உறைந்து நிற்கிற குளிர். சங்கக் கட்டடத்தின் வெப்பக் குழாய்களுக்கு நீராவி அனுப்பும் பழைய பாய்லர் படுத்துவிட்டது. மாவட்ட மருத்துவமனையில் முப்பத்து நான்கு வருஷம் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவள் லார்னா என்று ஊருக்கே தெரியும். சங்கத் தலைவி மிசஸ் ரூஸ் அவளுக்கு போன் போட்டார்.

மிசஸ் ரூஸுக்கு எழுபத்தொன்பது வயது. உயர்நிலைப் பள்ளியில் பாதி ஊருக்கு லத்தீன் கற்பித்தவர். லார்னாவுக்கும் கற்பித்துப் பார்த்தார். முடியவில்லை.

இரண்டு மணி நேரத்தில் பாய்லர் உறுமத் தொடங்கியது. கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்த லார்னாவுக்கு மிசஸ் ரூஸ் காபி ஊற்றிக் கொடுத்தார். சுற்றிலும் கல்யாணக் கவுன்கள், வெண்ணெய் கடையும் மரப்பீப்பாய்கள், யார் யாரோ போட்டுக் கழித்த ராணுவத் தொப்பிகள்.

"வாரத்துல ஒரு நாள் இங்க வந்து கை கொடேன், லார்னா."

"எனக்கு வரலாறெல்லாம் தெரியாது, மிசஸ் ரூஸ். நீங்களே எனக்கு ஃபெயில் போட்டவங்க."

"தூசி தட்டத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்ப செவ்வாய்க்கிழமை வா."

செவ்வாய்க்கிழமை வந்தாள். பிறகு வியாழன். பிறகு சனியும். கணவன் போய் ஆறு வருஷம், வேலை போய் ஒரு வருஷம். வீட்டில் கடிகாரச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு இது எவ்வளவோ தேவலை என்றுதான் முதலில் நினைத்தாள். எலிப்பொறி வைத்தாள். நானூறு பழைய பொத்தான்களுக்கு பென்சிலால் எண் போட்டாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் வந்தபோது வெண்ணெய் கடையச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு பையன் பீப்பாய்க்குள் தன் தொப்பியைப் போட்டுக் கடைந்தான். எப்போது இந்த இடம் தனக்குப் பிடித்துப்போனது என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு நாள் காரை நிறுத்தும்போது தான் சீட்டியடித்துக்கொண்டிருப்பதைக் கவனித்தாள், அவ்வளவுதான்.

மார்ச் மாதம் சங்கத்துக்கு ஒரு பொக்கிஷம் வந்தது. ஊரில் ஒரு காலத்தில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவரின் பரணிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு கண்ணாடித் தகடுகள். பிலிம் பரவலாகும் முன் ஸ்டுடியோக்காரர்கள் கண்ணாடியில்தான் படம் பிடிப்பார்கள். கை நழுவினால் போச்சு. மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகத் துடைத்து, ஸ்கேன் பண்ணி, கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். "நடுங்காத கை உன்னோடதுதான்" என்று மிசஸ் ரூஸ் வேலையை லார்னாவிடம் விட்டார்.

தொண்ணூற்றேழாவது தகட்டின் உறையில் பென்சிலால் எழுதியிருந்தது: 'மீட் பட்டாணி ஆலை, பாய்லர் அறை, ஜூலை 2, 1921.'

லார்னா உட்கார்ந்த இடத்திலேயே நிமிர்ந்தாள். அதற்கு நாலு நாள் தள்ளி வருகிற தேதி ஆல்டர்விக்கில் பிறந்த யாருக்கும் மனப்பாடம். ஜூலை 6. அன்றைக்குத்தான், பட்டாணியை வேகவைத்து டின்னில் அடைக்கும் அந்த ஆலையின் பாய்லர் வெடித்தது. பாய்லர்காரரையும் சேர்த்து ஆறு பேர் செத்தார்கள். சங்கம் இருந்த கட்டடமே அந்த ஆலையின் பழைய அலுவலகம்தான். வாசலில் வெண்கலப் பலகை உண்டு. ஐம்பதாம் ஆண்டு நினைவாக 1971-இல் சங்கமே வைத்தது. ஆறு பெயர்களும் அதில் இருந்தன. அடியில் ஒரு வரி: 'பாய்லர்காரன் கா. பாவ்லக் குடித்துவிட்டுத் தூங்கியதால் நேர்ந்த விபத்து.' 1921 மதுவிலக்குக் காலம் வேறு. குடிகாரன், கொலைகாரன், சட்டத்தை மீறியவன், மூன்று பட்டமும் ஒரே வரியில்.

திரையில் படம் விரிந்தது. நடுவில் முதலாளி காரிக் மீட், கோட்டு வேஷத்தில், பாய்லரின் செங்கல் உறையில் கை வைத்து, வேட்டையாடிய மானோடு நிற்பவர் மாதிரி நிற்கிறார். ஓரத்தில், பாதி இருட்டில், நிலக்கரிக் கரண்டியோடு ஒருவர். எல்லோரும் காமிராவைப் பார்க்கிற படத்தில் அவர் மட்டும் அண்ணாந்து மேலே எதையோ பார்க்கிறார்.

எதைப் பார்க்கிறார்? லார்னா அவர் பார்வை போன திசையில் படத்தைப் பெரிதாக்கினாள். கண்ணாடித் தகட்டின் மகிமை அது: எத்தனை பெரிதாக்கினாலும் கலங்காது. பாய்லரின் தலையில் சேஃப்டி வால்வு. அதை அழுத்தி வைக்கும் நீண்ட இரும்புக் கை. கையின் நுனியில் வழக்கமான குண்டு. அதற்குப் பக்கத்தில், கம்பியால் சுற்றிக் கட்டப்பட்டு, முழங்கை நீளத்துக்கு ஒரு தண்டவாளத் துண்டு.

"அட பாவிகளா!" என்றாள் லார்னா, யாருமில்லாத அறையில்.

சுவரில் பிரஷர் மீட்டர் இருந்தது. முள் நூற்றுப் பத்தில் நின்றது. மீட்டருக்குக் கீழே சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழ். இன்னும் பெரிதாக்கினாள். 'அனுமதித்த அழுத்தம்: 80.'

மிசஸ் ரூஸ் மதிய சாப்பாட்டுப் பையோடு உள்ளே வந்தபோது லார்னா தூரிகையைக்கூடக் கீழே வைக்காமல் திரையின் முன் நின்றுகொண்டிருந்தாள்.

"மிசஸ் ரூஸ், உங்க வீட்டு பிரஷர் குக்கர் மேல வெயிட் இருக்கில்ல?"

"இருக்கு. ஏன்?"

"பிரஷர் ஏறினா என்ன ஆகும்?"

"ஊதும்."

"நீங்க பக்கத்துல நிக்கணுமா?"

"எதுக்கு? நான் பாட்டுக்குப் பேப்பர் படிச்சுட்டிருப்பேன், அது பாட்டுக்கு ஊதும்."

"அப்ப வெயிட்டு மேல ஒரு செங்கல்லைக் கட்டி வச்சா?"

மிசஸ் ரூஸ் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பாவ்லக் ஒரு வாரம் தூங்கியிருக்கலாம்" என்றாள் லார்னா. "வால்வை விட்டு வச்சிருந்தா ஆவி தானா வெளிய போயிருக்கும். மனுஷன் தூங்குவான்னு தெரிஞ்சுதானே வால்வையே கண்டுபிடிச்சான்! இது தூக்கத்தால வெடிக்கல. பட்டாணி சீசன், ஓட்டு ஓட்டுன்னு இரும்பைத் தொங்கவிட்டிருக்காங்க. அதுக்கு அடியில நின்னு போட்டோ வேற."

"நான் பதினாறு வருஷமா வசந்த காலம் வந்தா அந்தப் பலகையை பாலிஷ் போடறேன்" என்றார் மிசஸ் ரூஸ். சாப்பாட்டுப் பையை மேஜையில் வைத்தார். "அந்த வரியையும் சேர்த்து."

காசிமிர் பாவ்லக்கின் பேத்தி டோலோரஸ் ஊரில்தான் இருந்தாள். எழுபத்தைந்து வயது. ஈஸ்டருக்கு முன் இறைச்சி தவிர்க்கும் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் செயின்ட் ஹெட்விக் மாதா கோவிலின் அடித்தளக் கூடத்தில் ஊரே மீன் வறுவல் தின்ன வரும். அந்த அடுப்புகளின் ராணி அவள். லார்னா படத்தின் பிரதியை எடுத்துக்கொண்டு கோவில் சமையலறைக்குப் போனாள். டோலோரஸ் கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். படத்தை வாங்கவில்லை.

"எங்கப்பாவுக்கு அப்ப மூணு வயசு" என்றாள், கத்தியை நிறுத்தாமல். "ஸ்கூல்ல அவர் பேரு என்ன தெரியுமா? பாட்டில். சாகுற வரைக்கும் அவர் ஒரு சொட்டு குடிச்சதில்ல. கல்யாண வீட்டுலகூட எலுமிச்சை ஜூஸ்தான். நூறு வருஷம் சும்மா இருந்துட்டு இப்ப வந்து என்னடி ஆராய்ச்சி? போ, வேலை கிடக்கு."

லார்னா போகவில்லை. இன்னொரு கத்தியை எடுத்தாள். இரண்டு பேரும் பேசாமல் பன்னிரண்டு கோஸ் நறுக்கினார்கள். பதின்மூன்றாவதில் டோலோரஸ் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி. காட்டு."

படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கரண்டியோடு நிற்கும் ஆளின் முகத்தைத் தொடாமல், அதன் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"இவர் முகத்தை நான் பார்த்ததே இல்ல" என்றாள். "பாட்டி எல்லாப் படத்தையும் எரிச்சுட்டா. எங்கப்பா மாதிரியே காது."

படத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள். "இதை வச்சு ஜெயிக்க முடியுமா?"

"ஒரு ஓட்டை இருக்கு. அந்த இரும்பைத் தொங்கவிட்டது உங்க தாத்தாவேன்னு சொல்லுவாங்க."

அந்த ஓட்டையை அடைக்கக் கிளம்பியவர் மிசஸ் ரூஸ். அந்தக் காலத்து ஊர்ப் பத்திரிகை காரிக் மீட்டின் மைத்துனருடையது. அதில் உண்மை இருக்காது. ஆனால் ஆறு பேர் செத்தால் விசாரணை நடந்திருக்கும், விசாரணை நடந்தால் யாரோ எழுதி வைத்திருப்பார்கள், எழுதியது எங்கேயோ கிடக்கும். பனிப்புயல் எச்சரிக்கை இருந்த வாரத்தில் எழுபத்தொன்பது வயதுப் பெண்மணி தானே கார் ஓட்டிக்கொண்டு மாவட்டத் தலைநகரின் நீதிமன்றத்துக்குப் போனார். மூன்று நாள் நிலவறையில் உட்கார்ந்தார். குமாஸ்தா இரண்டாம் நாளே அவருக்கு ஒரு போர்வை கொண்டுவந்து கொடுத்தாராம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் லார்னாவின் போன் அடித்தது.

"லார்னா, உட்கார்ந்திருக்கியா?"

"நிக்கறேன்."

"உட்காரு. ஒடீல் லாம்பர்னு ஒரு பொண்ணு. பத்தொம்பது வயசு. பெல்ஜியத்துக்காரங்க மக. பட்டாணி பொறுக்கற பெல்ட்டுல வேலை. சாட்சி சொல்லியிருக்கா. வாசிக்கறேன், கேளு: 'மேஸ்திரி ஏணியில் ஏறி இரும்பைக் கட்டினார். முதலாளி கீழே நின்று பார்த்தார். பாவ்லக் கூடாது என்று சத்தம் போட்டார். அவரைத் திட்டினார்கள். புதன்கிழமை காலை பாவ்லக் ஓடிவந்து எங்களை எல்லாம் வெளியே ஓடச் சொன்னார். பிறகு இரும்பை எடுக்க ஏணியில் ஏறினார். நான் வாசலைத் தாண்டும்போது வெடித்தது.'"

லார்னா உட்கார்ந்துவிட்டாள்.

"அதுக்கடியில என்ன எழுதியிருக்கான் தெரியுமா?" மிசஸ் ரூஸின் குரலில் வகுப்பறைக் கோபம் ஏறியது. "'சாட்சிக்கு ஆங்கிலம் சரளமாக இல்லை. கணக்கில் கொள்ளப்படவில்லை.' அவ ஆங்கிலத்துக்கு என்ன குறைச்சல்? எழுவாய் இருக்கு, பயனிலை இருக்கு, உண்மை இருக்கு! இதைவிட என்ன வேணும்?"

"பெல்ட்டுல எத்தனை பேர் இருந்தாங்க?"

"நாப்பத்தொரு பொண்ணுங்க. ஒருத்திகூட சாகல."

சங்கத்தின் பலகைகளில் எழுத்தை மாற்ற வேண்டுமானால் ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர்கள் வாக்களிக்க வேண்டும். அங்கேதான் சிக்கல். சங்கக் குழுவில் பிரெண்டன் மீட் இருந்தார். காரிக் மீட்டின் கொள்ளுப்பேரன். நிலம் வாங்கி விற்கும் தொழில். சங்கக் கட்டடமே அவருடையது. வாடகை வாங்காமல் சங்கத்தை இருக்க விட்டிருந்தார். விஷயம் காதுக்குப் போனதும் நேரே வந்தார். கெட்டவர் மாதிரிப் பேசவில்லை, தோளில் கை போட்டுப் பேசினார்.

"லார்னா, உனக்குக் குழாய் தெரியும். சரி. ஆனா இது வரலாறு. ஒரு மங்கின போட்டோவை வச்சு ஒரு குடும்பத்து மேல சேறு பூசலாமா?"

"போட்டோ மங்கல, பிரெண்டன். அதான் உங்க பிரச்சினை."

அவர் கை தோளிலிருந்து இறங்கியது. "கூட்டத்துல வாக்கு போகட்டும். எந்தப் பக்கம் போனாலும், யார் வீட்டுல உட்கார்ந்திருக்கீங்கன்னு ஞாபகம் வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆண்டுக் கூட்டத்துக்கு வழக்கமாகப் பதினோரு பேர் வருவார்கள். அதில் நாலு பேர் கேக் தின்ன. இந்த வருஷம் டோலோரஸ் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை எங்க கூடத்துல வைங்க. மீன் தின்ன வர்றவன் கூட்டத்துக்கும் வந்த மாதிரி ஆச்சு." வைத்தார்கள். ஊர் வந்தது. உறுப்பினர்களுக்கு மட்டும்தான் வாக்கு என்று தெரிந்ததும் வாசலிலேயே வரிசை நின்று சேர்ந்தார்கள். மிசஸ் ரூஸ் கொண்டுவந்த முப்பது விண்ணப்பங்கள் பத்து நிமிஷத்தில் தீர்ந்தன. பிறகு காகிதத் துடைப்பான்களில் பெயர் எழுதி வாங்கினார். மீனுக்குத் தொட்டுக்கொள்ளும் டார்டார் சாஸ் கறையோடு நூற்று நாற்பது புது உறுப்பினர்கள்!

லார்னா வாழ்க்கையில் மேடையேறிப் பேசியதில்லை. கூட்டம் தொடங்குமுன் அவள் ஒரு காரியம் செய்தாள். டோலோரஸின் பெரிய பிரஷர் குக்கரைக் கேட்டு வாங்கி, தண்ணீர் ஊற்றி, மேடை மேஜையில் மின்னடுப்பின் மேல் வைத்தாள். யாரும் அதைக் கவனிக்கவில்லை. பாத்திரம் ஏதோ இருக்கிறது, மீன் வறுக்கிற இடம்தானே.

திரையாகக் கட்டிய படுக்கை விரிப்பில் படம் விழுந்தது. வால்வு, தண்டவாளத் துண்டு, மீட்டர், சான்றிதழ், நான்கையும் லார்னா காட்டினாள். கையிலிருந்த துண்டுக் காகிதத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்லி முடித்தாள். மிசஸ் ரூஸ் ஒடீல் லாம்பரின் சாட்சியத்தை வாசித்தார். கூடத்தில் முள்கரண்டி சத்தம் நின்றது.

பிரெண்டன் மீட் எழுந்தார். நன்றாகப் பேசுவார். ஆலை வந்ததால்தானே ஊர் வந்தது, நூலகம் யார் கட்டியது, செத்துப்போனவர்கள் எழுந்து வந்து பதில் சொல்ல முடியுமா என்று பத்து நிமிஷம் நிதானமாகப் பேசினார். சில தலைகள் ஆடின. கடைசியில் சொன்னார்:

"இரும்பு தொங்கினது நிஜமாவே இருக்கட்டும். ஆனா பாய்லருக்குப் பக்கத்துல முழிச்சிருந்து பார்த்துக்கறதுதானே அந்த ஆளோட வேலை? அவர் தூங்காம இருந்திருந்தா..."

உஸ்ஸ்ஸ் என்று குக்கர் ஊதியது.

கூடமே துள்ளிவிட்டது. ஒரு குழந்தை அழுதது. வெயிட் ஆடியது, ஆவி கூரை வரைக்கும் பீறிட்டது. லார்னா அசையாமல் நின்றாள். சத்தம் அடங்கும் வரை காத்திருந்தாள். பிறகு மெதுவாக அடுப்பை அணைத்தாள்.

"இதை இவ்வளவு நேரம் யாராவது பார்த்துக்கிட்டிருந்தீங்களா?" என்று கேட்டாள். இப்போது காகிதத்தைப் பார்க்கவில்லை.

எல்லாத் தலையும் குக்கரின் பக்கம் திரும்பியது.

"நான் பார்க்கல. மிசஸ் ரூஸ் பார்க்கல. பிரெண்டன் பேசிட்டிருந்தார். குக்கரைப் பொறுத்தவரைக்கும் நாம எல்லாரும் தூங்கிட்டுதான் இருந்தோம். யார் செத்தோம்? வெயிட்டை யாரும் கட்டி வைக்கல, அதனால அது தன் வேலையைப் பார்த்துச்சு. முப்பத்தி நாலு வருஷம் நான் பாய்லர் பார்த்தேன். அதுல நாலஞ்சு தடவை தூங்கியும் போயிருக்கேன், மருத்துவமனைக்காரங்க இருந்தா மன்னிக்கணும். ஒரு நோயாளிக்கும் ஒண்ணும் ஆகல. பாவ்லக் என்னை மாதிரி இல்ல. அவர் தூங்கல. அவர் ஏணியில இருந்தார்."

பின் வரிசையில் யாரோ கை தட்டினார்கள். அடுத்து ஒருவர். அப்புறம் கூடம் இடிந்து விழுகிற மாதிரி சத்தம். சமையலறை வாசலில் டோலோரஸ் மாவு படிந்த கைகளோடு நின்றாள். தட்டவில்லை, அழவும் இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மிசஸ் ரூஸ் கைகளை எண்ணினார். மாற்ற வேண்டும் என்று நூற்று நாற்பத்தேழு. வேண்டாம் என்று நான்கு.

பிரெண்டன் மீட் கோட்டை எடுத்துக்கொண்டார். "மாசக் கடைசிக்குள்ள என் கட்டடத்தைக் காலி பண்ணுங்க" என்றார்.

"அதுக்கென்ன, பண்ணிட்டா போச்சு" என்றார் மிசஸ் ரூஸ், வீட்டுப்பாடம் எழுதாத பையனிடம் பேசுகிற அதே பொறுமையோடு. "கதவைச் சாத்திட்டுப் போங்க, பிரெண்டன். குளிர் வருது."

சொல்லிவிட்டார். ஆனால் மறுநாள் காலை அவரும் லார்னாவும் சங்கத்தில் உட்கார்ந்து பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தார்கள். மூவாயிரத்துச் சொச்சம் பொருட்கள். இருபத்திரண்டு நாள். போக்கிடம் கிடையாது.

போக்கிடம் திங்கட்கிழமை வந்தது. நான்கு தெரு தள்ளி, ரயில் நின்றுபோய் முப்பது வருஷமாகப் பூட்டிக் கிடந்த ஸ்டேஷன் கட்டடத்தைக் கொடுக்க ஊராட்சி ஒரே குரலில் தீர்மானித்தது. கூரை ஒழுகியது, கூரை போடுகிறவர்கள் வந்தார்கள். பாலாடைக்கட்டி ஆலையின் ஆட்கள் ஷிப்ட் முடிந்து வந்து சுவருக்கு வெள்ளையடித்தார்கள். லார்னா அடித்தளத்தில் இறங்கினால் மேலே வருவதே இல்லை. வெப்பக் குழாய் முழுவதையும் தன் கையாலேயே மாற்றினாள். மண்டபம் சூடேறிய அன்று, குழாயின் மேல் கை வைத்துப் பார்த்த மிசஸ் ரூஸ், "லத்தீனை விட்டுத் தள்ளு" என்றார்.

ஏப்ரல் கடைசி சனிக்கிழமை சங்கம் குடிபெயர்ந்தது. லாரி வைக்கவில்லை. தெருவில் மனிதச் சங்கிலி நின்றது. பழைய வாசலிலிருந்து ஸ்டேஷன் வரை நான்கு தெருவுக்கும் ஊர் தோளோடு தோள் நின்று, பொருட்களைக் கை மாற்றிக் கை மாற்றி அனுப்பியது. கல்யாணக் கவுன்கள் துணி உறைகளுக்குள் மிதந்து போயின. ராணுவத் தொப்பிகள் போயின. பள்ளிக் கால்பந்து அணி ஒரு பியானோவைத் தோளில் தூக்கிக்கொண்டு பாடியபடி போனது. வெண்ணெய்ப் பீப்பாய் முடிதிருத்துகிறவரின் கையிலிருந்து பாதிரியார் கைக்குப் போனது.

"பாத்து, பாத்து! நூத்தம்பது வருஷம் தாக்குப் பிடிச்சது உங்க கையிலயா உடையணும்?"

"எனக்கே எழுபதாச்சு, என்னை யாரு பத்திரமா பிடிக்கறாங்க?" என்றார் பாதிரியார்.

கண்ணாடித் தகடுகளை மட்டும் லார்னா யாரிடமும் கொடுக்கவில்லை. டோலோரஸின் மீன் வேனில் முட்டை அட்டைகளுக்கு நடுவே அடுக்கி, மேல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். டோலோரஸ் நடக்கிற வேகத்தில் ஓட்டினாள். முன்னால் தீயணைப்பு வண்டி மணியடித்து வழி உண்டாக்கிக்கொண்டு போனது. இருநூற்றுப் பன்னிரண்டில் ஒன்றில்கூடக் கீறல் விழவில்லை.

மாலை நான்கரைக்குக் கடைசிப் பொருள், நானூறு பொத்தான் இருந்த டப்பா, ஸ்டேஷன் வாசலைத் தாண்டியது. யாரும் கலைந்து போகவில்லை. நடுத்தெருவிலேயே கரியடுப்பு மூட்டி சாசேஜ் சுட்டார்கள்.

ஜூலை ஆறாம் தேதி புதுப் பலகை திறந்தார்கள். ஆறு பெயர்கள் அப்படியே இருந்தன. கடைசி வரியில் இப்படி எழுதியிருந்தது: 'காசிமிர் பாவ்லக், வயது 29. வால்வைக் கட்டிவைத்த பாய்லரின் அருகிலிருந்து நாற்பத்தொரு பேரை வெளியேற்றிவிட்டு, அந்த வால்வை விடுவிக்க ஏணியில் ஏறினார்.' வாசித்தது ஒடீல் லாம்பரின் கொள்ளுப்பேத்தி. கிரீன் பேயிலிருந்து தேடிப் பிடித்து வரவழைத்திருந்தார்கள். பிரெண்டன் மீட் வரவில்லை. அவருடைய மகள் வந்தாள், பின்னால் நின்றாள், முடிந்ததும் டோலோரஸின் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். என்ன என்று டோலோரஸ் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றைய சாப்பாட்டில் அந்தப் பெண்ணுக்கு ஒரு தட்டு மீன் எடுத்து வைக்கச் சொன்னாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஸ்டேஷன் கதவைத் திறக்க லார்னா வந்தபோது, படியில் டோலோரஸ் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். கையில் சாப்பாட்டுப் பை.

"என்ன டோலோரஸ், இவ்வளவு சீக்கிரம்?"

"தவக்காலம் முடிஞ்சு எவ்வளவு நாளாச்சு. வீட்டுல சும்மா உட்கார்ந்து என்ன பண்றது? இங்க என்ன வேலை இருக்கு சொல்லு. தூசி தட்ட மாட்டேன், இருமல் வரும்."

லார்னா யோசித்துக்கொண்டிருந்தபோதே மேஜையில் போன் அடித்தது. கூட்டத்துக்குப் பிறகு அது ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. எங்கெங்கிருந்தோ, யார் யாருடைய தாத்தாக்களைப் பற்றியோ கேட்டு. லார்னா தாடையால் போனைக் காட்டினாள்.

டோலோரஸ் நாற்காலியில் உட்கார்ந்தாள், முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள், ரிசீவரை எடுத்தாள்.

"ஆல்டர்விக் வரலாற்றுச் சங்கம்" என்றாள், தெருவுக்கே கேட்கிற குரலில். "பாவ்லக் பேசறேன். சொல்லுங்க!"